பத்தொன்பது கம்பிகள்

காலையில் கண் விழித்ததும் பியானோ சரிசெய்பவரின் கை முதலில் தேடுவது மூக்குக்கண்ணாடியை அல்ல; தலையணையை ஒட்டி வைத்திருக்கும் இசைக்கவையைத்தான். இரண்டு கால்களும் ஒரு காம்புமாக, முள்கரண்டிக்குத் தூரத்துச் சொந்தம் போலத் தோன்றும் அந்த எஃகுத் துண்டை முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அதன் காம்பை வைத்துக்கொள்வார். ஒரே ஒரு சுரம், கோணல் சிறிதும் இல்லாமல், ஒலித்து அடங்கும். அது அடங்கிய பிறகுதான் அவருக்குப் பொழுது விடியும்.

அந்தச் சுரத்தைக் காதில் ஏந்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார். கெண்டியில் வெந்நீர் கொதித்தால் அதன் சீழ்க்கை எந்தச் சுரத்தில் நிற்கிறதென்று சொல்வார். எதிர்வீட்டு அழைப்புமணி அரைச் சுரம் தாழ்ந்துபோனதைப் பொறுக்க மாட்டாமல், வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்த ஒரு நாளில் ஏணி போட்டு ஏறித் தாமே திருத்திவிட்டு வந்தார். திரும்பி வந்த வீட்டுக்காரர் மணியை அழுத்திப் பார்த்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று இரண்டடி பின்வாங்கினாராம்.

முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் விடுதிகளிலும் உள்ள பியானோக்களுக்குச் சுருதி கூட்டியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'சுருதி சார்'. பிறர் கேட்காமலே அவர்கள் பொருளைச் சரிசெய்து கொடுப்பதுதான் அவர் அறிந்திருந்த அன்பு. அதில் கபடம் கிடையாது. கபடமில்லாமல் செய்த தவறுதான் நெடுநாள் கண்ணில் படாமல் கிடக்கும்.

ஐம்பத்தொன்பதாம் வயதில் அவருடைய காது அவரைக் கைவிட்டது. ஒரு மண்டபத்தில் அவர் சரிசெய்துவிட்டு வந்த பியானோவின் மேல்கட்டைகள் பன்னிரண்டும் புளித்துப்போய் ஒலிப்பதாக மறுநாள் வாசிக்க வந்தவர் எழுந்துவிட்டார். மண்டபத்து மேலாளர் தொலைபேசியில் மிகவும் பக்குவமாக, "சார், நேத்து உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார். காது மருத்துவர் அவ்வளவு சுற்றி வளைக்கவில்லை. "கீழ் ஒலியெல்லாம் நல்லாவே கேக்குது சார். மேல இருக்குறதுதான் போயிடுச்சு. போனது போனதுதான்." அன்று மாலை அவர் கருவிப் பையை ஆணியில் மாட்டினார். மறுநாள் காலையிலும் இசைக்கவையைத் தட்டத்தான் செய்தார். ஆனால் அதை ஏந்திக்கொண்டு போவதற்கு ஓரிடமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கை தன் கணவரோடு மதியச் சாப்பாட்டுக்கு வருவாள். நகரத்து விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவை ஆலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவளுக்கு வேலை. கணவருக்கு ரொட்டிக் கூடத்தில் அடுப்பு வேலை. அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததை அவள் கவனித்துவிட்டாள்.

"இப்படிச் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தா கிறுக்குதான் பிடிக்கும். ஏதாவது கத்துக்கோயேன் அண்ணா."

"இந்த வயசுல என்னத்தைக் கத்துக்கிறது?"

அவள் சற்றுத் தயங்கினாள். "அலமாரி மேல என் பெட்டி கிட்டார் சும்மாத்தானே கிடக்குது. அதுல எல்லாம் கீழ் ஒலிதான். உனக்கு நல்லாக் கேக்கும்."

சுருதி சார் பல நாளுக்குப் பிறகு சிரித்தார். "பாத்தீங்களா மாப்பிள்ளை! இவ ஆறு மாசத்துல தூக்கிப் போட்டதை என் தலையில கட்டப் பாக்குறா. எடுக்கிறேம்மா. எடுத்ததை முடிக்கிறது எப்படின்னு உனக்குக் காட்டுறேன்."

"விடுங்க மச்சான், பேரே ஆறு மாசம்! பேருக்கு ஏத்த மாதிரிதானே இருக்கணும்?" என்று கணவர் வாயில் சோற்றோடு சிரித்தார். தங்கையும் சிரித்தாள். பிறகு, இன்னும் சாப்பிட்டு முடியாத தட்டுகளைக்கூட அடுக்க ஆரம்பித்தாள்.

'ஆறு மாசம்' என்ற அந்தப் பெயரைச் சூட்டியவர் சுருதி சார்தான். பத்து ஆண்டுகளுக்கு முன், தங்கையின் திருமண ஆண்டுநிறைவு விருந்துக்கு ஆலைப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தபோது, எதைத் தொட்டாலும் அவள் ஆறு மாதத்துக்கு மேல் நிலைக்க மாட்டாள் என்று அபிநயத்தோடு கதை சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். பெயர் மறுநாளே ஆலைக்குப் போய்விட்டது. ஒரே ஆலையில், விரிப்புகளைத் தேய்க்கும் ஒரே உருளைக்கு முன்னால் இருபத்திரண்டு ஆண்டு நின்ற ஒருத்தியை 'ஆறு மாசம்' என்று கூப்பிடுவதில் உள்ள பொருத்தமின்மை ஒருவருக்கும் உறைக்கவில்லை. உறைத்தாலும் நாக்குக்குப் பழகிவிட்டது. கண்காணிப்பாளர் பதவி காலியானபோது, "உனக்குக் குடுத்தா ஆறு மாசம் தாங்குமா?" என்று மேலாளர் கேட்டுச் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டாள்.

அந்தப் பெட்டியின் கதை இது. கடிகாரம் பழுதுபார்த்து வந்த தகப்பனார் சின்னஞ்சிறு திருகாணிகளைப் போட்டு வைத்திருந்த மரச் சுருட்டுப் பெட்டி அது. அவர் காலமான பிறகு தங்கை அதில் ஒரு மரத் தண்டைச் செருகி, மூன்று தந்திகளை இழுத்துக் கட்டி, தந்திகளைத் தாங்க அடியில் ஒரு பெரிய போல்ட்டைப் படுக்க வைத்துத் தானே ஒரு கிட்டார் செய்துகொண்டாள். உடைந்த பாட்டிலின் கழுத்தை அறுத்து விளிம்பு தேய்த்த கண்ணாடிக் குழலை மோதிர விரலில் மாட்டி, தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டே போய், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டுகளான ப்ளூஸை வாசிப்பாள். பெட்டிக்குள்ளிருந்து புகையிலையும் கடிகார எண்ணெயும் கலந்த வாசம் வரும். இரண்டு ஆண்டுகள் அப்படி வாசித்தாள். எந்தச் சுரத்திலும் ஒழுங்காக வந்து நில்லாத அந்த வாசிப்பு அண்ணனுக்குக் காதில் மணல் விழுந்தாற்போல இருக்கும்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் அவள் கணவருக்குக் காலில் அறுவை சிகிச்சை நடந்தது. வெளியூர் மருத்துவமனையில் மூன்று மாதம் தங்கவேண்டியிருந்ததால் பெட்டியை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அந்த மூன்று மாதமும் சுருதி சார் தம் ஓய்வு நேரத்தையெல்லாம் அதற்குக் கொடுத்தார். காகிதத்தில் கணக்குப் போட்டு, தண்டின் மேல் மயிரிழை பிசகாமல் கோடு கிழித்து, கோடுகளை ரம்பத்தால் அறுத்து, பத்தொன்பது பித்தளைக் கம்பிகளைக் குறுக்கே பதித்தார். இனி எந்த இடத்தில் விரல் வைத்தாலும் சுரம் சுத்தமாக ஒலிக்கும். விரலுக்கு இதமாக இருக்கட்டுமென்று தந்திகளையும் தாழ இறக்கினார். திரும்பி வந்தவள் பெட்டியை வாங்கிப் பார்த்தாள், கம்பிகளின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினாள், "எவ்வளவு வேலை அண்ணா!" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கியது. ஆறாவது மாதம், "எங்க வீட்டுல வெக்க இடம் இல்ல, இங்கயே இருக்கட்டும்" என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அந்த வேடிக்கைப் பெயருக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

இப்போது அந்தப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். மருத்துவர் சொன்னது சரிதான்; மூன்று தந்திகளும் தெளிவாகக் கேட்டன. சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம் என்று இசைக்கவையைக் கொண்டு சேர்த்தார். ஒரு வாரத்தில் பத்துப் பாட்டுகளை ஒரு பிழையில்லாமல் வாசித்தார். ஆனால் ப்ளூஸ் மட்டும் வரவில்லை. சரியான சுரங்கள்தாம், சரியான வரிசைதான். இருந்தும் அது பள்ளிக்கூடத்து மணி அடிப்பதைப் போலவே இருந்தது. கண்ணாடிக் குழலை மாட்டிக்கொண்டு வழுக்கிப் பார்த்தால், குழல் ஒவ்வொரு கம்பியிலும் மோதிக் கடகடவென்று சத்தம் போட்டது.

மண்டபத்துக் காவலாளி ஒருவர் வழி காட்டினார்: பேருந்துப் பணிமனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், சனிக்கிழமை மதிய இடைவேளையில் உதிரிபாகக் கொட்டகையில் உட்கார்ந்து இதே மாதிரிப் பெட்டியை வாசிப்பார். சுருதி சார் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

மெக்கானிக் ஆறடி ஆள். கழற்றிப் போட்ட பேருந்து இருக்கையொன்றில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். துணியை விலக்கியதும் முதலில் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். "இது எங்க பணிமனை போல்ட்டு சார். பின்சக்கரத்துப் போல்ட்டு." பிறகு தண்டைப் பார்த்தார். முகம் மாறியது. "இதுல யாரு சார் கம்பி அடிச்சது?"

சுருதி சாருக்குத் தம் கைவேலையைப் பாராட்டப்போகிறார்கள் என்று முதலில் மகிழ்ச்சி. ஆனால் கேட்ட குரலில் பாராட்டு இல்லை. "தெரியலையே" என்றார். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது பொய் என்பதே அவருக்கு உறைத்தது. "என் கைக்கு வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

மெக்கானிக் அவரை ஒரு கணம் பார்த்தார். "வேலை சுத்தம். பாராட்டத்தான் வேணும். நீச்சல் குளத்து மேல, தண்ணி மட்டத்துக்கு, வழவழன்னு சிமெண்டுத் தரை போட்டு மூடின மாதிரி." உள்ளே போய், கம்பியில்லாத தம் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். "இதுல கத்துக்கோங்க. அதை ஓரமா வைங்க."

சனிக்கிழமைகள் நகர்ந்தன. கண்ணாடிக் குழலைத் தந்தியின் மேல் அழுத்தக் கூடாது, பட்டும் படாமலும் வைக்கவேண்டும். குழலுக்குப் பின்னாலுள்ள விரலால் தந்தியை மெல்லத் தொட்டு இரைச்சலை அடக்கவேண்டும். இவையெல்லாம் அவருக்கு இரண்டு வாரத்தில் கைவந்துவிட்டன. கைவராதது ஒன்றுதான். எங்கிருந்து வழுக்கி வந்தாலும் அவர் விரல் மிகச்சரியான சுரத்தில் போய் நின்றுகொண்டது.

"சார், நீங்க நல்ல டிரைவர். கோடு போட்ட இடத்துல, கதவு நேரா வர்ற மாதிரி வண்டியை நிறுத்துறீங்க" என்றார் மெக்கானிக்.

"அதுதானே முறை?"

"பஸ்ஸுக்கு முறை. இதுல நிறுத்தத்துக்கு ஒரு கை முன்னாடியே வண்டி நிக்கணும். ஏறுறவன் ஓடி வரணும். அவன் மூச்சு வாங்குது பாருங்க, அதுதான் பாட்டு."

"அப்ப சுருதி தப்புமே!"

"தப்புமா, இல்ல நமக்குப் பேர் தெரியாத சுருதியா?" என்று மெக்கானிக் சிரித்தார். "உங்க பியானோவுல பக்கத்துப் பக்கத்துக் கட்டை ரெண்டு காந்தாரம் இருக்குதுல்ல? அந்த ரெண்டுக்கும் நடு இடுக்குல ஒருத்தன் வாடகை குடுக்காம குடியிருக்கான். அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுறோம்."

பாட்டின் அமைப்பையும் அவர்தாம் சொல்லிக் கொடுத்தார். முதல் வரியில் மனத்தில் உள்ளதைச் சொல்லவேண்டும். இரண்டாவதாகவும் அதே வரியைச் சொல்லவேண்டும். மூன்றாவது வரியில் அதற்குப் பதில் வரவேண்டும். "ஒரே வரியை எதுக்கு ரெண்டு தடவை?" என்று சுருதி சார் கேட்டபோது, "முதல் தடவை சொல்றப்ப நாமளே நம்ப மாட்டோம் சார்" என்றார் மெக்கானிக்.

ஐந்தாம் சனிக்கிழமையன்று அது நேர்ந்தது. வெளியே ஒரு பேருந்து பின்னோக்கி வந்த சத்தத்தில் அவர் கவனம் கலைந்து, விரல் சுரத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. ஒரு ஒலி பிறந்தது. இசைக்கவைகளின் பட்டியல் எதிலும் அதற்கு இடமில்லை. கேட்கவந்ததைக் கேட்காமல் வாசலோடு திரும்பிப் போகிறவர்களின் தொண்டையில் நிற்குமே, அந்த ஒலி அது. சுருதி சார் குழலை அசைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். இதே ஒலியைத்தான் தங்கை இரண்டு ஆண்டுகளாக, ஞாயிற்றுக்கிழமைகளில் வரும்போதெல்லாம், அவர் வீட்டுப் பக்கத்து அறையில் வாசித்தாள். இதைத்தான் அவர் பிசகு என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

"வந்துடுச்சு" என்றார் மெக்கானிக், மிக மெதுவாக. பிறகு, ஓரமாகக் கிடந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பெட்டியைச் செஞ்ச பொண்ணு இந்த இருக்கையிலதான் உக்காந்து வாசிப்பா. போல்ட்டு நான் குடுத்ததுதான். சலவை ஆலையில வேலை. இந்த இடுக்குச் சுரத்துல அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. நானே வேலையை விட்டுட்டு நிப்பேன்."

சுருதி சார் குழலை விரலிலிருந்து கழற்றினார்.

"ஒரு நாள் கம்பியோட கொண்டுவந்தா. குழலை வெச்சா கடகடங்குது. பொட்டி செத்துப்போச்சும்மா, குடு, பத்து நிமிஷத்துல பிடுங்கி எறியுறேன்னு குறடை எடுத்துட்டேன். கையைப் பிடிச்சுக்கிட்டா. 'வேணாம். எங்க அண்ணன் மூணு மாசம் கண்ணு வலிக்க உக்காந்து செஞ்சது. பிடுங்கினா அவர் மனசு விட்டுப்போயிடும்'னா. சரி, வேற பெட்டி செஞ்சு தர்றேன்னேன். 'நான் கம்பி அடிச்சுக் குடுத்ததை விட்டுட்டு இதை ஏன் வாசிக்கிறேன்னு அண்ணன் கேப்பாரே'ன்னா. ஆறு மாசம் முட்டி மோதிப் பாத்தா சார், அந்தக் கம்பிங்களோட. அப்புறம் வர்றதை நிறுத்திட்டா."

பறவைகளும் பூச்சிகளும் பேசிக்கொள்ளும் கதைகளின் காட்டில் ஒரு மரங்கொத்தி இருந்தது. நத்தையின் ஓடு சுருண்டு கிடப்பதைப் பார்த்து அதற்கு மனம் பொறுக்கவில்லை. நத்தை தூங்கும் நேரமெல்லாம் கொத்திக் கொத்தி ஓட்டை நேரான குழாயாக்கிக் கொடுத்தது. விழித்த நத்தை நண்பனின் அலகு தேய்ந்திருப்பதைப் பார்த்தது, நன்றி சொன்னது. அன்று பெய்த மழையில் அது வெளியிலேயே கிடந்தது. நேரான ஓட்டுக்குள் சுருண்ட உடம்பு நுழையவில்லை. 'சோம்பேறி, வீட்டுக்குள் போகக்கூட வளையமாட்டான்' என்று மரங்கொத்தி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

சிறு வயதில் கேட்ட இந்தக் கதையை மனத்தில் ஓட்டிக்கொண்டே அன்று சுருதி சார் வீட்டுக்கு நடந்து போனார். சூடேற்றிய இரும்பை ஒவ்வொரு கம்பியின் மேலும் வைத்து, பசை இளகியதும் குறடால் மெல்லத் தூக்கினார். பதிப்பதற்கு மூன்று மாதம் ஆன கம்பிகளைக் கழற்ற ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது. மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பத்தொன்பது வெட்டுகளையும் அடைத்தார், தேய்த்தார். என்ன தேய்த்தும் பத்தொன்பது வெளிறிய கோடுகள் தண்டின் குறுக்கே தெரிந்துகொண்டுதான் இருந்தன. தந்திகளைப் பழைய உயரத்துக்கு ஏற்றினார்.

அடுத்த சனிக்கிழமை மெக்கானிக்கிடம் போய், "கம்பி அடிச்சது நான்தான்" என்றார்.

"தெரியும் சார்."

"எப்போ?"

"முதல் நாளே. இந்த ஊர்ல இவ்வளவு சுத்தமா அடிக்க வேற யாருக்குக் கை வரும்?"

"அப்புறம் ஏன் தெரியாத மாதிரி அதையெல்லாம் எங்கிட்ட சொன்னீங்க?"

"உங்ககிட்ட எங்க சொன்னேன்? பெட்டிகிட்ட சொல்லிட்டிருந்தேன்" என்ற மெக்கானிக், கோடுகளின் மேல் விரலை ஓட்டினார். "புதுத் தண்டு போட்டுத் தரட்டா? தழும்பு தெரியாது."

"தெரியட்டும்" என்றார் சுருதி சார். "இனி நான் என்ன செய்யணும்னுதான் புரியல."

"பெட்டியை மட்டும் கொண்டுபோய்க் குடுத்தா பாதிதான் சார் ஆகும். பேர் எங்க போச்சோ அங்க போங்க."

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரை மணிக்குச் சலவை ஆலையின் உருளைகள் ஓய்ந்தபோது, நீராவிக்கு நடுவே அண்ணன் கையில் துணி மூட்டையோடு நிற்பதைத் தங்கை பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"என்னண்ணா? யாருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லம்மா."

"ஏ ஆறு மாசம்! உங்க அண்ணனா? சாப்பாடு கொண்டாந்திருக்காரா?" என்றாள் மடிப்பு மேசையில் இருந்த ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சொல் தம் காதில் இவ்வளவு சுத்தமாக ஒலித்ததே இல்லை என்று சுருதி சாருக்குத் தோன்றியது.

"ஒரு மரங்கொத்தி இருந்துச்சு" என்று ஆரம்பித்தார்.

"அண்ணா, அரை மணி நேரம்தான் இடைவேளை."

அவர் துணியை விலக்கினார். தங்கை பெட்டியைப் பார்த்தாள். கோடுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எண்ணுகிறவளைப் போலக் கட்டைவிரல் மேலிருந்து கீழே இறங்கியது. ஒன்றும் கேட்கவில்லை.

"சுருதி எங்க வெக்கட்டும்?" என்றார் அவர். இசைக்கவை சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. "நீதான் சொல்லணும்."

அவள் தந்திகளை முறுக்கும் முளைகளைத் திருகினாள். அவருடைய அளவுக்கு மிகவும் தாழ, தன் குரல் தங்கும் இடத்தில் நிறுத்தினாள். "இங்க."

சலவை மூட்டைகள் போட்டிருந்த தள்ளுவண்டியின் விளிம்பில் சுருதி சார் உட்கார்ந்தார். குழலை விரலில் மாட்டினார். அவருக்குப் பாட வராது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறர் பாடுவதற்கு இடம் ஒழுங்குசெய்து கொடுத்தவர். இருந்தும் பாடினார், பிளந்த மூங்கில் போன்ற குரலில்:

"தொட்டதை விட்டுட்டா என் தங்கச்சின்னு நான் ஊரெல்லாம் சிரிச்சேன்…"

"என்னடி இது, ஒப்பாரியா?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"பேசாம இரு" என்றாள் தங்கை. "இன்னொரு தடவை வரும்."

வந்தது. இரண்டாம் முறை அவர் குரல் உடைந்து, அதே வரி வேறு எடையோடு வந்தது. பிறகு மூன்றாவது வரி:

"விட்டது அவ இல்ல… வாயைக் கட்டிப்போட்டது நான்."

'நான்' என்ற இடத்தில் குழல் மேலே ஏறி, சேரவேண்டிய சுரத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றது. பிறகு அவர் பாட்டை நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் தெரியும்படி சாதாரணப் பேச்சிலேயே சொன்னார்: கம்பி அடித்தது, அவள் அதற்காகவே வாசிப்பதை விட்டது, தாம் அதை வேடிக்கைக் கதையாக்கி விருந்தில் சொன்னது, எல்லாம். மடிப்பு மேசைப் பெண் கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்துவிட்டு, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?" என்றார் தங்கையிடம்.

"அன்னிக்கு உன் முகத்தைப் பாத்தேன். அப்பா ஓடாத கடிகாரத்தை ஓட வெச்சுட்டு நிப்பாரே, அப்படி நின்னே. எப்படிச் சொல்வேன்?" அவள் குழலை வாங்கித் தன் மோதிர விரலில் மாட்டப் பார்த்தாள். இருபத்திரண்டு ஆண்டு சூடான துணியின் ஓரம் பிடித்து இழுத்த விரல், மூட்டு பருத்துப்போயிருந்தது. குழல் பாதியில் நின்றுவிட்டது. சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு முறை வழுக்கினாள். மெக்கானிக் சொன்ன இடுக்கின் கதவு அவளுக்குத் திறந்தது. ஆனால் நீடிக்கவில்லை. வலியில் கையை உதறிக்கொண்டாள்.

"கோபம் இல்லண்ணா" என்றாள். "கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. ஆனா அந்தப் பதினொரு வருஷத்துல கையும் இருந்துச்சு, பாட்டும் இருந்துச்சு. அதை யாருகிட்ட போய்க் கேக்குறது?"

அவர் குழலை அவள் விரலிலிருந்து மெல்லக் கழற்றினார். "ஞாயித்துக்கிழமை நான் வாசிக்கிறேன். நீ உக்காந்து எங்க தப்புன்னு சொல்லு" என்றார்.

"நிறைய தப்பு இருக்கு" என்றாள் அவள். சொல்லும்போது உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஓர் இடைநிலை. "மூணாவது வரியில இன்னும் கொஞ்சம் முன்னாடியே நிக்கணும்."

இடைவேளை முடிய எட்டு நிமிடம் இருந்தது. ஆலையின் மறுகோடியில், உலர்த்தும் எந்திரங்களுக்கு அப்பால், இன்னொரு கூட்டம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு குரல், "ஏ ஆறு மாசம், அங்க என்ன கச்சேரி?" என்று கூவியது.

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுருதி சார் கையை உயர்த்தித் தடுத்தார். "அவங்களுக்குக் கேக்கல. அவங்களும்தானே அந்தப் பேரைச் சொல்றாங்க" என்று எழுந்தார். ஈரத் தரையில் வழுக்காமல் அடிமேல் அடி வைத்து, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, எந்திரங்களுக்கு நடுவே நடந்தார். கடைசி எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்கினார்.